சுவாதி திருநாளும் பாக்கும் ஐந்து தந்தியில்: டீரிங் குட்டைம் பாஞ்சோ மதிப்புரை

வீணை பழகிய கைக்கு ஐந்து தந்தி பாஞ்சோ எவ்வளவு தூரம் இணங்கும், மேற்கத்திய செவ்வியல் இசையையும் கருநாடக இசையையும் அதில் மனநிறைவோடு வாசிக்க இயலுமா என்று அறியும் ஆவலில், டீரிங் நிறுவனத்தின் குட்டைம் (Goodtime) என்னும் தொடக்கநிலைப் பாஞ்சோவை வாங்கி, நாகர்கோவிலில் என் வீட்டில் தென்மேற்குப் பருவமழையையும் வடகிழக்குப் பருவமழையையும் கடந்து வாசித்துவருகிறேன். இதை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாக், ஸ்கார்லட்டி போன்ற மேற்கத்திய இசையமைப்பாளர்களின் இசை, முத்துசாமி தீட்சிதரின் நொட்டுஸ்வரங்கள், ஆரபி போன்ற ராகங்களில் அமைந்த கிருதிகள், தானம் என்னும் நடையோடு கூடிய ராக விரிவு ஆகியவற்றை வாசிக்க விரும்புவோர் தயங்காமல் வாங்கலாம். தோடியையும் பைரவியையும் விரித்து ஆலாபனை செய்ய வேண்டும் என்ற ஆசையோடு வாங்குவோருக்கு இது ஏமாற்றத்தையே தரும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: பாஞ்சோவில் ஒரு சுரத்தின் ஆயுள் மிகக் குறைவு.

நம் ஊர்ப் பக்கத்தில் பாஞ்சோ என்று கேட்டால், தட்டச்சுப் பொறிபோல் கட்டைகளை அழுத்தி வாசிக்கும் புல்புல் தாராவை எடுத்துக் காட்டும் கடைகள் உண்டு. நான் எழுதுவது அதைப் பற்றியன்று. வட்டமான மரச்சட்டத்தின் மேல் தோல் இழுத்துக் கட்டிய உடலும், அதிலிருந்து நீளும், விரல் வைத்து அழுத்தும் மெட்டுக் கம்பிகள் பதித்த கழுத்தும் உடைய அமெரிக்கப் பாஞ்சோவைப் பற்றியது. டீரிங் நிறுவனத்தை கிரெக் டீரிங், ஜேனட் டீரிங் தம்பதியர் 1975இல் தொடங்கினர். கலிபோர்னியாவின் ஸ்பிரிங் வேலி என்ற ஊரில் பட்டறை வைத்திருக்கிறார்கள். குட்டைமின் சட்டம் மூன்று அடுக்கு மேப்பிள் மரத்தால் ஆனது. அதன் குறுக்களவு 11 அங்குலம். கழுத்தும் மேப்பிள்தான், மெட்டுகள் 22. பின்பக்கம் மூடியில்லாத இந்த மாதிரியின் எடை ஏறக்குறைய 4 பவுண்டு, அதாவது 2 கிலோவுக்கும் குறைவு. குடத்தோடு வீணையை இடம் மாற்றி வைத்துப் பழகியவர்கள் இதை ஒரு கையால் தூக்கும்போதே அந்த வேறுபாட்டை உணர்வார்கள்.

நான்கு தந்திகள் கழுத்தின் தலைவரை செல்ல, ஐந்தாவது தந்தி மட்டும் குட்டையாக, ஐந்தாம் மெட்டின் அருகே உள்ள தனி முறுக்காணியில் நின்றுவிடுகிறது. கட்டை விரலால் மட்டுமே தொடப்படும் இந்தத் தந்தி எப்போதும் ஒரே சுரத்தை ஒலித்துக்கொண்டிருக்கும். பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்களின் கைகளில் கரீபியத் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் உருவான கருவி. மேற்கு ஆப்பிரிக்காவின் ஜோலா மக்களிடம் இன்றும் உள்ள அகோண்டிங் என்னும் சுரைக்காய் வாத்தியத்தில் இதே குட்டைத் தந்தியைக் காணலாம். அமெரிக்க நாட்டுப்புற இசைக்கே உரியது என்று பலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் இசைத்தட்டுகள் வந்த தொடக்க நாட்களிலேயே வெஸ் ஆஸ்மன், ஃபிரெட் வான் எப்ஸ் ஆகிய பாஞ்சோக் கலைஞர்கள் குடல் நரம்புத் தந்திகளை மாட்டி, வெறும் விரல் நுனிகளால், தாளில் எழுதப்பட்ட இசையை நுணுக்கமாக வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். நம் காலத்தில் பாஞ்சோக் கலைஞர் பேலா ஃபிளெக் 2001இல் வெளியிட்ட பெர்பெச்சுவல் மோஷன் என்ற தொகுப்பு முழுவதும் பாக், ஸ்கார்லட்டி, ஷோப்பான், பகனீனி முதலியோரின் படைப்புகளே; அது இரண்டு கிராமி விருதுகளைப் பெற்றது. எனக்கு ஆசையை ஊட்டியதும் அந்தத் தொகுப்புதான்.

பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பாஞ்சோவை வாசித்துவிட முடியாது. தந்திகளைத் தாங்கும் பாலம் ஒட்டப்படாமல் தோலின் மேல் சும்மா நிற்கிறது. கழுத்தின் உச்சியிலிருந்து பன்னிரண்டாம் மெட்டு வரை உள்ள தூரமும், அங்கிருந்து பாலம் வரை உள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருந்தால்தான் மேல்தாயியில் சுருதி சேரும். அதை அளந்து நானே வைத்துக்கொண்டேன். தோலின் இழுவிசை அப்படியன்று. அதற்குக் காது தேர்ந்தவர் வேண்டும். வடசேரியில் மிருதங்கம் மூட்டித் தரும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கருவியை மடியில் கவிழ்த்தும் நிமிர்த்தும் பார்த்துவிட்டு, "இது தோலு இல்லியே அண்ணாச்சி, பிளாஸ்டிக்குல்லா" என்றார். உண்மைதான், இப்போதைய பாஞ்சோக்களில் மைலார் என்னும் செயற்கைத் தகடே பயன்படுகிறது. விளிம்பைச் சுற்றியுள்ள கொக்கிகளை எண்ணினார், பதினாறு. மிருதங்கத்தின் கண்களும் பதினாறு. அதற்குப் பிறகு அவருக்கு என்னிடம் கேட்க எதுவும் இருக்கவில்லை. ஒவ்வொரு கொக்கியின் அருகிலும் ஆள்காட்டி விரலால் தட்டி, எதிர் எதிர்க் கொக்கிகளாகச் சாவியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிக்கொண்டே வந்தார். "கண்ணெல்லாம் ஒண்ணாப் பேசணும் பாத்துக்கிடுங்க. ஒண்ணு மாறிப் பேசிச்சுன்னா தந்தி இரையும்" என்றார். அவர் முடித்துத் தந்தபோது, அதுவரை இரண்டாம் தந்தியில் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் அடங்கியிருந்தது. தொலைவிலிருந்து வரவழைக்கும் பாஞ்சோவைச் சீர்செய்ய நம் மாவட்டத்தில் ஆள் இல்லை என்று அஞ்சுவோர், மிருதங்கம் மூட்டுபவர்களை நாடலாம் என்பது என் உறுதியான பரிந்துரை.

இனி ஒலிக்கு வருகிறேன். பலா மரத்தில் கடைந்த வீணையின் குடம், தந்தியின் அதிர்வைச் சிறிது சிறிதாகவே வாங்கிக் காற்றுக்குத் தருகிறது. அதனால் ஒரு மீட்டு நெடுநேரம் கேட்கிறது. பாஞ்சோவின் மெல்லிய தகடோ, தந்தியின் ஆற்றல் முழுவதையும் ஒரே வீச்சில் பறித்து வெளியே கொட்டிவிடுகிறது. எனவே சுரம் உரத்தும் தெளிந்தும் பிறக்கிறது, பிறந்த வேகத்திலேயே மறைகிறது. இதைக் குறையென்று கருதி மல்லுக்கு நிற்பவர் தோற்பார். இக்கருவியின் இயல்பே அதுதான் என்று ஏற்று, அந்த இயல்புக்கு ஏற்ற இசையைத் தேர்ந்தெடுத்தால், வேறெந்த நரம்பு வாத்தியத்திலும் கிடைக்காத தெளிவு இதில் கிடைக்கிறது.

பாக், ஸ்கார்லட்டி இருவரும் 1685இல் பிறந்தவர்கள். அவர்கள் காலத்து விசைப்பலகைக் கருவியான ஹார்ப்சிகார்டில் தந்திகள் தட்டப்படுவதில்லை, சிறு இறகால் கிள்ளப்படுகின்றன. அதிலும் சுரம் நீளாது. ஸ்கார்லட்டியின் 555 சொனாட்டாக்களில் பெரும்பாலானவை அந்தக் கருவிக்காகவே பிறந்தவை. நீளாத சுரத்தை நம்பி எழுதப்பட்ட இசை, நீளாத சுரம் உள்ள இன்னொரு கருவியில் இயல்பாக அமர்ந்துவிடுகிறது. மார்த்தாண்டத்தில் தேவாலயப் பாடற்குழுவுக்கு ஆர்கன் வாசிக்கும் என் நண்பர், நான் ஸ்கார்லட்டியின் ஒரு மெதுவான சொனாட்டாவைச் சுருக்கி வாசித்ததைக் கேட்டுவிட்டு, "ஹார்ப்சிகார்டு கேக்க மாதிரியே இருக்கு, ஆனா கொஞ்சம் மனுசத்தனம் கூடுதல்" என்றார். விரல் நேரடியாகத் தந்தியைத் தொடுவதால் மெல்லெனவும் வல்லெனவும் வாசிக்க முடிவதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். ஹார்ப்சிகார்டில் விரலின் அழுத்தத்தால் ஒலியை ஏற்றி இறக்க முடியாது.

பாக்கின் தனிச் செல்லோவுக்கான முதல் தொகுப்பின் முன்னிசை ஜி மேஜரில் அமைந்தது. பாஞ்சோவின் வழக்கமான சுருதி அமைப்பும் ஜி மேஜர்தான். செல்லோவின் தாழ்ந்த தந்தி சி. பாஞ்சோவின் நான்காம் தந்தியை டியிலிருந்து சிக்கு இறக்கிவிட்டால், செல்லோவுக்கு ஒரு தாயி மேலே முழுப் பகுதியையும் வாசிக்கும் எல்லை கிடைத்துவிடுகிறது. இது புதிதாக நான் கண்ட வழியன்று. வான் எப்ஸ் காலத்துச் செவ்வியல் பாஞ்சோக்காரர்களின் வழக்கமான சுருதி அமைப்பே இதுதான்.

இங்கே விரல் முறை பற்றி ஒரு சொல். 1960களில் பில் கீத் முதலிய அமெரிக்கக் கலைஞர்கள் வளர்த்த ஒரு வாசிப்பு முறையில், அடுத்தடுத்த சுரங்களை ஒரே தந்தியில் வாசிக்காமல் வெவ்வேறு தந்திகளில் மாற்றி மாற்றி வாசிப்பார்கள். ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்த சுரம் பக்கத்துத் தந்தியில் எழுந்துவிடுவதால், இரண்டும் சிறிது நேரம் சேர்ந்தே ஒலிக்கின்றன. தனித்தனியே குறுகிய சுரங்கள் தொடர்ந்து ஓடும் ஒழுக்காக மாறுகின்றன. ஒரே தந்தியில் விரலை நகர்த்தி வாசிக்கப் பழகிய நமக்கு இது முதலில் மிகவும் முரணாகத் தோன்றும். சரளி வரிசையையே மூன்று தந்திகளில் பிரித்து வாசிக்கக் கை பழகிய பின்புதான் பாக்கின் இசை என் பாஞ்சோவில் உயிர்பெற்றது. இந்தப் பயிற்சியைத் தவிர்த்துவிட்டு இக்கருவியைப் பற்றி யாரும் முடிவு கட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தந்தி விஷயத்தில் ஒரு தெரிவு செய்தே ஆக வேண்டும். குட்டைம் எஃகுத் தந்திகளோடு வருகிறது. அவற்றின் ஒலியில் வெள்ளிக் கூர்மை உண்டு. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் ஜாரு இழுப்பதற்கும் ஓரளவு தந்தியை வளைப்பதற்கும் அவையே ஏற்றவை. நைலான் தந்திகளை மாட்டினால் ஒலி உருண்டு திரண்டு, பாக்குக்கு மிகவும் பொருந்திவிடுகிறது. ஆனால் ஜாரு நடுவிலேயே அடங்கிப்போகிறது. நைலான் பருமனானது என்பதால் கழுத்து உச்சியில் உள்ள காடிகளைச் சிறிது அகலப்படுத்த வேண்டிவரும், பிறகு எஃகுத் தந்தி அவற்றில் தளர்ந்து நிற்கும். இரண்டு இசைகளையும் ஒரே கருவியில் வாசிக்க விரும்பும் என்னைப் போன்றோருக்கு, எஃகுத் தந்தியோடு, தகட்டின் பின்பக்கம் பாலத்துக்கு நேர் கீழே மடித்த துணி ஒன்றைச் செருகி, தேவையற்ற அதிர்வுகளை அடக்கிக்கொள்வதே நல்ல வழி. பழைய மல் வேட்டித் துண்டு இதற்கு மிகப் பொருத்தமாக அமைந்தது. அண்டை வீட்டாருக்கும் அதனால் நன்மை. துணியில்லாத பாஞ்சோ தெரு முனைவரை கேட்கும்.

கருநாடக இசைக்கு வருவோம். ஜியை ஷட்ஜமாகக் கொண்டால், அதாவது ஐந்து கட்டையில், பாஞ்சோவின் திறந்த தந்திகள் மேல் ஷட்ஜம், மந்தர பஞ்சமம், ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் என்று அமைகின்றன. வீணைக்காரருக்கு இதில் மகிழ்ச்சி தருவது அந்தக் குட்டையான ஐந்தாம் தந்திதான். வீணையின் மூன்று தாளத் தந்திகள் ஷட்ஜ பஞ்சமங்களை ஒலித்துச் செய்யும் பணியில் ஒரு பகுதியை அது செய்துவிடுகிறது. தாளத் தந்தியை நாம் சுண்டுவிரலால் மேல்நோக்கித் தொடுவோம். இங்கே கட்டை விரலால் கீழ்நோக்கித் தொட வேண்டும், அவ்வளவே வேறுபாடு. தானம் வாசிக்கும்போது இந்தத் தந்தியின் அருமை முழுவதும் தெரிகிறது. அனந்தம், ஆனந்தம் என்று சொற்கட்டுகள் அடுக்கிவர, ஒவ்வொரு கட்டின் முடிவிலும் கட்டை விரல் ஷட்ஜத்தை இடும்போது, வீணையின் தானத்துக்கும் பாஞ்சோவின் நாட்டுப்புற நடைக்கும் இடையே உள்ள உறவு காதில் நேரடியாக விழுகிறது. தானம் சுரத்தின் நீளத்தை நம்பியதன்று, மீட்டின் நடையை நம்பியது. அதனால்தான் பாஞ்சோ அதை இத்தனை அழகாக ஏற்றுக்கொள்கிறது.

ஒரு முறையான சோதனை வேண்டும் என்று கருதி, திருவிதாங்கூர் மன்னர் சுவாதி திருநாளின் நவராத்திரி கிருதிகள் ஒன்பதையும் எடுத்துக்கொண்டேன். நம் மாவட்டத்துக்கும் அவற்றுக்கும் உள்ள தொடர்பு அனைவரும் அறிந்தது. ஆண்டுதோறும் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள, அங்கே நவராத்திரி மண்டபத்தில் நாளுக்கொரு ராகமாக இக்கிருதிகள் பாடப்படுகின்றன. சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஆரபி என்ற அந்த வரிசை, ஒரு வாத்தியத்தின் திறனை எல்லாப் பக்கமிருந்தும் உரசிப் பார்க்கப் போதுமானது.

முதல் நாள் சங்கராபரணக் கிருதியான தேவி ஜகஜ்ஜனனி, மத்திம காலத்துக்குச் சற்றுக் கூட்டி வாசித்தால் நன்றாகவே நிற்கிறது. காந்தாரத் தந்தி திறந்தபடியே ராகத்துக்குத் துணை செய்கிறது. கல்யாணியும் பந்துவராளியும் சிட்டைஸ்வரம்போன்ற வேகமான பகுதிகளில் ஒளிர்கின்றன, நின்று இழைய வேண்டிய இடங்களில் வெளிறுகின்றன. சாவேரியில் தொல்லை தொடங்குகிறது. நான்காம் நாளின் தோடியில் பாஞ்சோ கைவிரித்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அசைவே அதன் உருவம். தந்தியை வளைத்து அந்த அசைவின் முதல் வீச்சை எழுப்புவதற்குள் ஒலி பாதியாகிவிடுகிறது, இரண்டாம் வீச்சு செவிக்கு எட்டுவதே இல்லை. போதாக்குறைக்கு, திறந்து நிற்கும் அந்தர காந்தாரத் தந்தி விரல் படாமலேயே அதிர்ந்து ராகத்தைக் குலைக்கிறது. அந்தத் தந்தியை அரைச் சுரம் ஏற்றி மத்திமமாக்கினால் இந்தக் கடைசித் தொல்லை நீங்கும். அமெரிக்க மலைப்பகுதிக் கலைஞர்களிடமும் இதே சுருதி அமைப்பு வழக்கத்தில் உண்டு. ஆயினும் கமகம் என்னும் சுர அசைவுக்கு வேண்டிய மூச்சை அது தந்துவிடாது. பைரவிக்கும் இதுவே நிலை. மாண்டலின் சீனிவாஸ் தம் வாத்தியத்தை ஐந்து ஒற்றைத் தந்திகளாக மாற்றி மின்னொலியாக்கி வாசித்ததன் தேவை எனக்கு இந்த இடத்தில்தான் முழுமையாக விளங்கியது.

ஏழாம் நாளின் சுத்தசாவேரி வந்தவுடன் கருவி மீண்டும் நிமிர்ந்தது. மத்திமமாக ஏற்றிய அந்த அமைப்பில் திறந்த தந்திகள் எல்லாமே ராகத்தின் சுரங்களாகிவிடுவதால், எந்தத் தந்தியைத் தொட்டாலும் பிழை நேர்வதில்லை. ஒன்பதாம் நாளின் பாஹி பர்வதநந்தினியோ இந்தக் கருவிக்காகவே அமைந்ததுபோல் ஒலித்தது. ஆரபி கன ராகங்கள் ஐந்தில் ஒன்று, தானத்துக்குப் பேர்போனது. அதன் சுரங்கள் நேராக வந்து நேராகவே செல்பவை. ஆரோகணத்தில் காந்தாரத்தைத் தாண்டி ரிஷபத்திலிருந்து மத்திமத்துக்குப் பாயும் இடத்தில், பாஞ்சோவின் கூர்மையான தொடக்க ஒலி வீணையில்கூடக் கிடைக்காத ஒரு மிடுக்கைத் தருகிறது. இதை நான் வீணையின் மீதுள்ள பற்றைச் சிறிதும் குறைத்துக்கொள்ளாமலேயே சொல்கிறேன்.

தீட்சிதரின் நொட்டுஸ்வரங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலேயரின் பாண்டு மெட்டுகளைக் கேட்டு, கமகமின்றிச் சங்கராபரண சுரங்களில் அவர் சாகித்தியம் அமைத்தவை அவை. சக்தி சஹித கணபதிம் முதல் நாளிலேயே கைக்கு வந்துவிடும். குழந்தைகளுக்கு இக்கருவியைக் கற்பிக்க இவற்றைவிட நல்ல தொடக்கம் இல்லை.

தம்பூராவோ சுருதிப் பெட்டியோ வைத்து வாசிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாஞ்சோவின் மெட்டுகள் பன்னிரு சுரங்களையும் சமமாகப் பங்கிட்டுப் பதிக்கப்பட்டவை. வீணையைப்போல் மெழுகை இளக்கி நகர்த்த முடியாது. அதனால் அந்தர காந்தாரம் சுத்தமான நிலையைவிடச் சற்று உயர்ந்தே நிற்கும். இரண்டாம் தந்தியைத் திறந்து வாசிக்கும் இடங்களில் அதை மயிரிழை இறக்கி ஷட்ஜத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். பாக் வாசிக்கும்போது பழைய நிலைக்கே கொண்டுவந்துவிட வேண்டும்.

கடற்காற்று இக்கருவிக்குப் பகை. மைலார் தகடு ஈரத்தை உறிஞ்சாது என்பதால், மழைக்காலத்தில் மிருதங்கம் தளர்வதுபோல் பாஞ்சோ தளர்வதில்லை. ஆடி மாதத்திலும் ஐப்பசியிலும் தகட்டின் சுருதி அசையவே இல்லை. ஆனால் எஃகுத் தந்திகள் விரைவில் துருவேறிச் சொரசொரப்பாகின்றன. நாகர்கோவிலிலேயே இப்படியென்றால், குளச்சல், முட்டம், கன்னியாகுமரிக் கரைகளில் வசிப்போர் தந்திகளை இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். வாசித்து முடித்ததும் தந்தியின் அடிப்பக்கமும் சேர்த்து உலர்ந்த துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைப்பது நல்லது. கொக்கிகளின் மரைகளுக்கும் ஒரு துளி எண்ணெய் தேவை.

விலை குறைவன்று. இறக்குமதி வரியும் அனுப்பும் செலவும் சேரும்போது, அமெரிக்காவில் தொடக்கநிலை என்று விற்கப்படும் கருவி நமக்கு நடுத்தர விலைக் கருவியாகிவிடுகிறது. இதனினும் மலிவான பாஞ்சோக்கள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவோர் ஐந்தாம் தந்தியின் முறுக்காணி பல்சக்கரம் உள்ளதா என்று முதலில் பார்க்கட்டும். வெறும் உராய்வில் நிற்கும் ஆணி, ஷட்ஜத்தையே பிடித்துவைக்க முடியாமல் கருநாடக இசைக்கு அறவே பயன்படாமல் போகும். குட்டைமில் பல்சக்கர ஆணியே இருக்கிறது, அது நழுவுவதில்லை.

பின்பக்கம் மூடிய மாதிரியை எடுக்கலாமா என்று சில நண்பர்கள் கேட்டார்கள். மூடி ஒலியை முன்பக்கம் தள்ளி இன்னும் உரக்கச் செய்யும். பிடிலும் கிடாரும் கூடிய குழுவில் அதற்கு இடமுண்டு. வீட்டுக் கூடத்தில் பாக்கையும் ஆரபியையும் வாசிக்கப் போகிறவருக்குத் திறந்த மாதிரியே போதும், துணியைச் செருகவும் எடுக்கவும் வசதியும் அதில்தான் உள்ளது. மிச்சமாகும் பணத்தில் இரண்டு மூன்று தந்திக் கட்டுகளைக் கருவியோடு சேர்த்தே வரவழைத்துவிடுங்கள். நான் கேட்டுப் பார்த்த உள்ளூர்க் கடைகளில் பாஞ்சோத் தந்தி கிடைக்கவில்லை.